பில்டர் தாளில் தங்கியவர்

ஓர் ஊரில் ஒன்றுமே இல்லை என்பதற்காக அந்த ஊரைத் தேடி யாராவது வருவார்களா? முனீஸ்வரியின் ஊருக்கு வந்தார்கள். பரளச்சிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் போகிற தார் ரோடு ஓரிடத்தில் சலித்துப்போய் மண் ரோடாகிவிடும். அங்கே இருக்கிறது அந்த ஊர். மில் கிடையாது, செங்கல் சூளை கிடையாது, நாலுவழிச் சாலை கிடையாது. பஸ்ஸு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதுவும் டிரைவருக்கு மனசிருந்தால். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள்கூட வேனை விட்டு இறங்காமல் கும்பிட்டுவிட்டுப் போகிற ஊர். அந்த ஊரைத்தான் மேப்பில் ஒரு மாதமாகத் தேடிப் பிடித்ததாகச் சொன்னாள் ஜெப ஷீலா.

ஜெப ஷீலா பாலவனத்தத்துப் பெண். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் காற்று மாசைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். ரோட்டைப் போலவே ஆகாயத்திலும் விமானங்களுக்கென்று வழிகள் உண்டாம். அதில் ஒரு நெரிசலான வழி முனீஸ்வரி வீட்டுக்கு மேலே போகிறதாம். அந்த ஜெட் விமானங்கள் விடுகிற புகையில் கண்ணுக்குத் தெரியாத கரித்துகள் எவ்வளவு தரைக்கு வந்து சேர்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு வேறு புகை எதுவும் இல்லாத இடம் வேண்டும்.

"அப்ப எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லைங்கிறதுக்கு நீங்கதான் சாட்சி" என்று சிரித்தார் முனீஸ்வரியின் வீட்டுக்காரர் விஜயபாண்டி. இடம் கொடுக்கவும் அவர்தான் ஒத்துக்கொண்டார். மாடு விற்றபின் சும்மா கிடந்த பின்பக்கத்து அறையில் கருவியை வைத்தார்கள்.

கருவி என்றால் இரண்டு சாமான். ஒன்று, பச்சை எழுத்தில் எண் காட்டுகிற பெட்டி. கூரைக்கு மேலே நீட்டிய குழாய் வழியாக அது காற்றை உறிஞ்சி, அதிலுள்ள துகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். இன்னொன்று, அதே காற்றை ஒரு வட்டமான வெள்ளை பில்டர் தாள் வழியாக இழுக்கிற பம்பு. பெட்டி எண்ணும், தாள் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறை தாளை இடுக்கியால் எடுத்து, சில்வர் பேப்பரில் சுற்றிக் குளிரில் வைக்க வேண்டும். அந்த வேலை முனீஸ்வரிக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் வீட்டு பிரிட்ஜில் மேல்தட்டு ஆகாயத்துக்கும் கீழ்த்தட்டு தோசை மாவுக்கும் என்றாகிவிட்டது.

முனீஸ்வரி பிறந்தது மல்லாங்கிணறு. அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். பத்தாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடம் நின்றது. வாக்கப்பட்டு வந்து, மானாவாரியில் கொத்தமல்லியும் உளுந்தும் போட்டு, ஒரே மகன் மதன்குமாரை வளர்த்துத் திருப்பூருக்கு அனுப்பியாயிற்று. அவளை ஊரில் கெட்டிக்காரி என்பார்கள், கொஞ்சம் கறார் என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. பொய் சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. தராசைத் தட்டிவிட்டு நிறுக்கிற வியாபாரியை நடுச்சந்தையில் வைத்து மானத்தை வாங்கியிருக்கிறாள்.

அந்தக் கறாரைக் கருவியிடமும் காட்டினாள். பக்கத்தில் எங்காவது புகை எழும்பினால் பம்பின் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, ஜெப ஷீலாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புகையும் விமானக் கணக்கில் சேர்ந்துவிடும். சீமைக்கருவேல விறகை அடுக்கி மண் பூசிக் கரி மூட்டம் போடுகிற மாரிக்கனி, மூட்டத்துக்குத் தீ வைக்கும் முன்னால் இவளிடம் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்றானது. விஜயபாண்டியோ பீடி பற்றவைக்க வேலிக்கு வெளியே போய் நின்றார்.

"மழை வருமான்னு மேல பாத்த ஆளுக நாங்க. இப்ப இவ பிளேனுகாரனுக்குத் தீர்வை போடுறா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வருவார்.

கருவி வந்த புதிதில் முனீஸ்வரிக்கு ஒரு பயம் இருந்தது. பம்பு ராவும் பகலும் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் படுத்திருப்பது போலவே கேட்கும். அதைவிட ஒன்று உண்டு. மேலே விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும்போது எண் அசையாமல் நிற்கும். ஆகாயம் துடைத்து வைத்தது போல ஒன்றுமில்லாமல் கிடக்கும்போது கடகடவென்று ஏறும்.

ஜெப ஷீலாவிடம் கேட்டாள். "பிளேனு ரொம்ப ஒசரத்துல போகுதுக்கா. அது விட்டுட்டுப் போன கரி உடனே எறங்காது. காத்துல அலைஞ்சு அலைஞ்சு மெதுவாத்தான் வரும். அது வந்து சேர்றப்ப பிளேனு கடலையே தாண்டிப் போயிருக்கும்" என்று அவள் விளக்கினாள்.

விளக்கம் புரிந்தது, பயம் போகவில்லை. போனவர்கள் போய்விடுகிறார்கள், அவர்களுடையது மட்டும் பின்னால் தனியாக வந்து இறங்குகிறது. இதை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ஆயுத பூசை வந்தது. வீட்டில் உள்ள அரிவாள், மண்வெட்டி, தையல் மிஷின், டிவிஎஸ் வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த விஜயபாண்டி, எண்ணுகிற பெட்டிக்கும் பம்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சாம்பிராணி மட்டும் போட முனீஸ்வரி விடவில்லை. ஆக, அந்தக் கருவி பொட்டு வைத்த சாமானாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் பொட்டு வைத்த சாமானுக்கு ஒரு மரியாதை உண்டு. காலால் தொடமாட்டார்கள், தீட்டோடு கிட்டப் போகமாட்டார்கள். ஜெப ஷீலாவின் ஆராய்ச்சி நிலையத்தில் தயாரித்த விதிமுறைப் புத்தகத்தில் இது இல்லை. யார்தான் நினைத்திருப்பார்கள்?

ஐப்பசி கழிகிற சமயம், விஜயபாண்டி இறந்தார். மாரிக்கனியின் மூட்டத்துக்காகக் கருவேல விறகு வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லி அந்த அடுக்கிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். மாரிக்கனி தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பும்போது கண் நிலைகுத்தியிருந்தது. ஐம்பத்தோரு வயது சாகிற வயதா? காலையில் அவர் புறப்பட்டபோது முனீஸ்வரி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் வகையறாவில் எரிப்பதுதான் வழக்கம். விறகுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை, அவர் வெட்டி அடுக்கியதையே டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். அதற்குமேல் சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. பாடை திரும்பிய இடத்தில் முனீஸ்வரியை இரண்டு பேர் இறுக்கிப் பிடித்து நிறுத்தினார்கள். பிறகு கூட்டி வந்து வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

தொட்டிக்கு நேர் எதிரே அந்த அறையின் ஜன்னல்.

ஈரத் தலையோடு நிமிர்ந்தவளின் கண்ணில் பச்சை எண்கள் பட்டன. அவை ஏறிக்கொண்டிருந்தன. வாடைக்காற்று வீசுகிற நேரம் அது. சுடுகாடு கண்மாய்க்கரையில், வீட்டுக்கு வடகிழக்கே. அங்கிருந்து வீட்டுக்குப் புகை தெரியாது, நாற்றமும் வராது, அவ்வளவு தூரம். ஆனால் எண் ஏறியது. நான்கு இலக்கமாக இருந்தது ஐந்தானது. ஐந்து இலக்கத்தில் முதல் இலக்கம் மாறிக்கொண்டே போனது. இடையில் கொஞ்சம் தணிந்தது, பிறகு திடீரென்று குதித்து ஏறியது. அங்கே யாரோ கம்பால் கிளறி விட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெண்கள் பார்க்கக் கூடாது என்று தெருமுனையில் நிறுத்திய அத்தனையும் அந்தச் சின்னப் பெட்டியில் அவளுக்கு முன்னால் நடந்தது.

பம்பு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க அவர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

எழுந்து ஓடினாள். சிவப்புப் பொத்தானுக்குக் கையை நீட்டினாள். பொத்தானுக்கு மேலே விஜயபாண்டி வைத்த குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. சாவுத் தீட்டோடு பொட்டு வைத்ததைத் தொடுவதா? படித்தவர்கள் சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வேளையில் அந்தக் கை அப்படித்தான் நிற்கும். பின்னால் வந்த பெண்கள் அவளைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனார்கள். கருவி இருட்டும் வரை இழுத்துக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகும்.

மறுநாள் காடாற்றி எலும்பு பொறுக்கினார்கள். மதன்குமாரும் விஜயபாண்டியின் தம்பி கோட்டைச்சாமியும் கலயத்தை எடுத்துக்கொண்டு சேதுக்கரைக்குப் போய்க் கடலில் கரைத்தார்கள். சாம்பலில் ஒரு துளிகூட வீட்டில் தங்கக் கூடாது. தங்கினால் போனவர்களுக்கும் போகக் கால் வராது, இருப்பவர்களுக்கும் நிம்மதி இருக்காது என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை.

"கலயத்தையும் சேத்து விட்டாச்சு மதினி. அண்ணன் நல்லபடியாப் போயிட்டாரு. ஒரு பொட்டுக்கூட மிச்சமில்ல" என்றார் கோட்டைச்சாமி.

சுவருக்கு அந்தப்பக்கம் பம்பு மூச்சு விட்டது.

அந்த வாரத்திலிருந்துதான் அது ஆரம்பித்தது. சாயங்காலம், விளக்கு வைக்கிற பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் எண் ஏறும். மாரிக்கனி மூட்டம் போடவில்லை. சுடுகாட்டில் எதுவும் எரியவில்லை. ஊரில் யாரும் குப்பையைக்கூடக் கொளுத்தவில்லை. மேலே ஆகாயத்தில் ஒரு கோடு கிடையாது. காட்டு வேலை முடித்து விஜயபாண்டி வீடு திரும்புகிற நேரத்தில் எண் சரசரவென்று ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு தணியும். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பாள். ஒருநாள் பார்க்காமல் இருந்துவிடுவோம் என்று அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பம்பின் மூச்சு ஓங்கிக் கேட்டது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

மகனிடம் சொன்னாள். "தூங்காம இருக்கீக, அதான்" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு மதன்குமார் திருப்பூருக்குப் பஸ்ஸு ஏறினான்.

மனப்பிராந்திதான் என்று அவளும் நம்பப் பார்த்தாள். ஜெப ஷீலாவின் போன் வந்து அதையும் கெடுத்தது. கருவி காட்டுகிற எண்கள் சிம் கார்டு வழியாகச் சென்னைக்கும் போகும்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். சாயங்காலம் சாயங்காலம் ஒண்ணு ஏறுதே, அங்க எதுவும் எரிக்கிறாங்களா?"

"இல்ல பாப்பா."

"பிளேனு எல்லாத்தையும் ஒத்துப் பாத்துட்டேன். அந்த நேரத்துக்கு எதுவும் பொருந்தல. ஒருவேளை மிஷின்ல கோளாறோ என்னவோ."

"மிஷின்ல கோளாறு இல்ல" என்றாள் முனீஸ்வரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு கழுவித் தீட்டுக் கழிந்த பிறகு, ஜெப ஷீலா நேரில் வந்தாள். துக்கம் விசாரித்தாள். முனீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். அப்புறம் இருவரும் பின்னறைக்குப் போனார்கள். இத்தனை நாளும் மாற்றாமல் கிடந்த தாளை ஜெப ஷீலா இடுக்கியால் எடுத்தாள். வழக்கமாகச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். இது கன்னங்கரேலென்று இருந்தது.

"இதுல பிளேனு மட்டும் இல்லக்கா."

"இல்ல. இவுக இருக்காக" என்றாள் முனீஸ்வரி.

தொட்டியடியில் ஈரத்தலையோடு பார்த்தது, நீட்டிய கை நின்றது, சாயங்காலம் ஏறுவது எல்லாவற்றையும் சொன்னாள். ஜெப ஷீலா கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், அவர்களில் புதைப்பார்கள், சாம்பல் சங்கதி அவளுக்குப் பழக்கமில்லை. என்றாலும் கேட்டு முடிக்கும் வரை இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. தாளை மெதுவாகச் சில்வர் பேப்பரில் வைத்தாள்.

"இத எங்கிட்டக் குடுத்துரு பாப்பா. சேதுக்கரையில கொண்டுபோய்க் கரைச்சுட்டு வந்துர்றேன். அவுக பாதி அங்கிட்டும் பாதி இங்கிட்டுமா எத்தன நாளைக்கு அலைவாக?"

ஜெப ஷீலா பையிலிருந்த ஒரு பழைய தாளை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள். விரலால் தேய்த்தாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கறுப்பு தாளை விட்டு இறங்கவில்லை.

"இது கண்ணாடி மாதிரி ஒரு நூல்ல செஞ்ச தாளுக்கா. கரி உள்ள போய் மாட்டிக்கிடும். கடல்ல போட்டாலும் விடாது. அதுக்குன்னே செஞ்சது."

"பெறகு என்னதான் செய்வீக இத?"

"மத்த தாள்னா சின்னச் சின்னத் துண்டா வெட்டி ஒரு அடுப்புல வச்சு எரிப்போம். கரி முழுசாப் புகையாப் போயிரும், எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் அளந்து சொல்லும். தாள் திரும்ப வெள்ளையாயிரும்." சில்வர் பேப்பரில் இருந்த தாளைப் பார்த்தாள். "இது வேற புகை கலந்த தாளு. இத அளந்து பிரயோஜனமில்ல. குப்பையில போட்டுருவாங்க."

குப்பை என்ற சொல்லைக் கேட்டதும் முனீஸ்வரியின் முகம் போன போக்கைப் பார்த்து, அதைச் சொன்ன வாயை ஜெப ஷீலா கையால் பொத்திக்கொண்டாள்.

ரெண்டாந்தடவை எரிப்பதா? ஒரு மனுசனை ரெண்டு தடவையா எரிப்பார்கள்? அன்று பூராவும் முனீஸ்வரிக்கு அதே நினைப்பு. வீட்டில் வைக்கக் கூடாது. கடல் வாங்கிக்கொள்ளாது. குப்பையில் போட விடமாட்டாள். சாயங்காலம் இருவரும் ஜன்னலோரம் நின்றார்கள். எண் ஏறியது. ஜெப ஷீலா செல்போனில் விமானங்களின் நடமாட்டத்தைக் காட்டுகிற படத்தைத் திறந்து பார்த்தாள். சுற்று வட்டாரத்தில் ஒன்றுகூட இல்லை. வெளியே போய் நாலு பக்கமும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வந்தாள். "பனி எறங்குற காலத்துல காத்து படியும், அதனாலகூட..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"எரிச்சுருவோம். ஆனா நான் பக்கத்துல நிக்கணும். அன்னைக்குத்தான் விடல" என்றாள் முனீஸ்வரி.

தாலி கழற்றி ஒரு மாசம்கூட ஆகவில்லை, மூலையில் இருக்க வேண்டியவள் மெட்ராசுக்குப் போவதா என்று கோட்டைச்சாமி குதித்தார். "அவுகள அனுப்பத்தான் போறேன். நீங்க அனுப்புனது முழுசாப் போகல" என்று மட்டும் சொன்னாள். சில்வர் பேப்பர்ப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, ஜெப ஷீலாவோடு அருப்புக்கோட்டையில் பஸ்ஸு ஏறினாள். வழியெல்லாம் முடிச்சின் மேல் கை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஆராய்ச்சி நிலையத்தில் ஆளில்லை. நீளமான வராந்தாவில் இவர்கள் இருவரின் காலடிச் சத்தம் மட்டும். தாளை அளக்கிற அறையும் குளிர்ந்து கிடந்தது. அடுப்பு என்றதும் முனீஸ்வரி பெரிதாக எதையோ நினைத்திருந்தாள், அது டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய். ஜெப ஷீலா தாளைச் சட்டைப் பித்தான் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டினாள். ஓரத்தில் மிஞ்சிய நறுக்குகளையும் விடாமல் சேர்த்து வைத்தாள். ஒரு துண்டைக் குழாய்க்குள் தள்ளினாள்.

"இந்தப் பொத்தான அமுக்கணும்க்கா. நான் அமுக்கவா?"

"தள்ளிக்க" என்றாள் முனீஸ்வரி.

சுடுகாட்டில் தீ வைக்கிறவன் மகன். இங்கே அவள். பொத்தானில் விரலை வைத்ததும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நம் பக்கத்தில் வாசற்படி தாண்டுகிறவரைப் பார்த்து யாராவது வெறுமனே "போங்க" என்று சொல்வார்களா? "போயிட்டு வாங்க" என்றுதான் வாயில் வரும். சாவு வீட்டில் மட்டும்தான் அது கூடாது. அங்கே வந்தவர்கள்கூட "வாரேன்" என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்கள். போனவர்களைப் பார்த்து "வாங்க" என்று தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. வந்துவிடுவார்கள். முனீஸ்வரிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, இருபத்தாறு வருசத்தில் ஒரு தடவைகூட அவரிடம் சொல்லாததைச் சொன்னாள்.

"போங்க."

பொத்தானை அமுக்கினாள். கண்ணாடிக் குழாய் சிவந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு கிளம்பி ஏறியது. தொட்டியடியில் பார்த்தது போலவே ஏறியது, தணிந்தது, மறுபடி குதித்தது. கோடு கீழே வந்து படுத்ததும் ஜெப ஷீலா துண்டை வெளியே எடுத்தாள். பால் போல வெள்ளையாக இருந்தது.

"எங்க போனாக?"

ஜெப ஷீலா கூரையைக் காட்டினாள். அடுப்பிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கூரைக்கு மேலே போயிற்று. சென்னையில் விமானம் தாழப் பறக்கும். அந்த நேரம் ஒன்று கட்டடமே அதிரும்படி மேலே போய்க்கொண்டிருந்தது.

அடுத்த துண்டு. "போங்க." அடுத்தது. "போங்க." ஒவ்வொன்றும் எரிந்து ஆற நேரமானது. மத்தியானச் சாப்பாட்டை இருவரும் தொடவில்லை. அறை முழுவதும் ஒரு சூடு பரவியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வரப் படாதபாடு பட்டது. முனீஸ்வரி அழவில்லை, அழுதால் அவர் நின்றுவிடுவார் என்று நினைத்தாள். ஜெப ஷீலாதான் ஒரு மூலையில் போய்த் தனக்குத் தெரிந்த ஜெபத்தை முணுமுணுத்துவிட்டு வந்தாள். வெள்ளைத் துண்டுகள் ஒரு தட்டில் சேர்ந்தன.

பொழுது சாய்ந்தது. கடைசித் துண்டு. அதைக் குழாய்க்குள் தள்ளிவிட்டு, "இதோட முடிஞ்சதுக்கா" என்றாள் ஜெப ஷீலா.

முனீஸ்வரி பொத்தானில் விரலை வைத்தாள். மத்தியானத்திலிருந்து ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி வாய் களைத்திருந்தது. குழம்பைக் கிண்டியபடி திரும்பிப் பார்க்காமல் விட்ட காலை நேரம் ஞாபகம் வந்ததோ என்னவோ. வேலைக்குப் புறப்பட்டுப் படியிறங்குகிறவரிடம் சொல்வது போல, வழக்கமான குரலில், அவள் வாயிலிருந்து வந்தது:

"போயிட்டு வாங்க."

விரலும் அமுக்கிவிட்டது.

திரையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஜெப ஷீலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், வித்தியாசம் எதையும் கவனிக்கவில்லை. முனீஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சொன்னதைத் திரும்ப வாங்க வழி இல்லை. நாக்குத் தவறியதா, மனசு சொல்லச் சொன்னதா என்று அன்றும் அவளுக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. துண்டு வெள்ளையாக வெளியே வந்தது.

ஊர் திரும்பினாள். கோட்டைச்சாமி வந்து, "எல்லாம் முடிஞ்சதா மதினி?" என்று கேட்டார். முடிந்தது என்றாள். கருவியில் ஜெப ஷீலா அன்றைக்கே மாட்டிவிட்டுப் போன புதுத் தாள் இருந்தது. பழைய பொட்டைத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே நிற்காமல் அன்றைக்கு அறைக்குள்ளேயே போனாள். மேலே ஒன்றுமில்லை. காட்டில் புகை இல்லை. மாரிக்கனி ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சுழிக்குப் போய்விட்டிருந்தார். பம்பு இழுத்து இழுத்து விட்டது. எண் அசையாமல் நின்றது. அவர் போய்விட்டார், நல்லபடியாகப் போய்விட்டார் என்று அவள் மூச்சு விடப்போன நேரம் கடைசி இலக்கம் மாறியது. அடுத்ததும் மாறியது. எண் ஏறத் தொடங்கியது.

பயந்தாள். நிச்சயமாகப் பயந்தாள். அதைவிடச் சந்தோசப்பட்டாள். அந்தச் சந்தோசத்தை நினைத்து அவளுக்கே அருவருப்பாகவும் இருந்தது, போக வேண்டியவரை இப்படி இழுத்துப் பிடிக்கிறோமே என்று.

செல்போன் அடித்தது. ஜெப ஷீலா.

"அக்கா, மறுபடியும் ஏறுதுக்கா! இப்பத்தான் பாக்குறேன்." "அங்க எதுவும் எரியுதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எதுவும் எரியலேன்னா இத நான் எங்க சாருகிட்டச் சொல்லி, ஆள் வந்து மிஷினக் கழட்டிப் பாக்கணும்."

முனீஸ்வரி திறந்த கதவு வழியாகக் கரிசல் காட்டைப் பார்த்தாள். கண்மாய்க்கரை வரைக்கும் ஒரு இழை புகை கிடையாது.

"ஆமா பாப்பா. மாரிக்கனி மூட்டம் போட்டிருக்காரு. ஒரே புகையாக் கெடக்கு. இத நீ கணக்குல சேத்துராத" என்றாள்.

"அப்பாடா. சரிக்கா, பம்ப நிப்பாட்டிருங்க."

"நிப்பாட்டிர்றேன்."

போனை வைத்தாள். முக்காலியை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். சிவப்புப் பொத்தானை அவள் தொடவில்லை.